அத்தனையும் நெசமுங்க

போன மாதம் ரத்தப் பரிசோதனைக்குப் போயிருந்தேன். வெறும் வயிற்றோடு வரச்சொல்லி இருந்தார்கள். நான் வெறும் வயிற்றோடு இருக்கும்போது உலகத்தில் எதையும் நம்பமாட்டேன். பக்கத்து நாற்காலியில் இருந்த பையன் போனை என் மூக்குக்கு நேராக நீட்டி, "அங்கிள், இதப் பாத்தீங்களா, வால்பாறைல நடந்ததுங்க" என்றான். தேயிலைத் தோட்டத்தில் ஒரு சிறுத்தை, ஓர் ஆளைக் காலைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகிறது. நான் ஒரு தடவை பார்த்துவிட்டு, பொய் தம்பி என்றேன். எப்படிச் சொல்கிறீர்கள் என்று கேட்டான். சிறுத்தை வருவதற்கு முன்பே கேமராக்காரன் சரியான இடத்தில் வந்து நிற்கிறானே, அவனுக்கு யார் சொல்லி அனுப்பினார்கள் என்று கேட்டேன். அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. அவனுடைய மாமாவின் சிநேகிதர் அதே எஸ்டேட்டில்தான் வேலை பார்க்கிறாராம். சரிப்பா, நெசம்தான் என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

உள்ளே நர்ஸ் பெண் பஞ்சில் ஸ்பிரிட்டை நனைத்து என் முழங்கை மடிப்பில் தேய்த்தாள். அந்த வாடை மூக்கில் ஏறியதும் எனக்கு ஊசி மறந்துபோயிற்று. உங்களுக்கு அது ஆஸ்பத்திரி வாடை. எனக்கு அது வீடியோ கடை வாடை. கேசட் ஓட்டுகிற டெக்கில் படம் புள்ளி புள்ளியாகத் தெரிய ஆரம்பித்தால் மூடியைக் கழற்றி, மெத்தென்ற துணியில் ஸ்பிரிட் தொட்டு, நாடாவைப் படிக்கிற ஹெட்டைத் துடைக்கவேண்டும். இருபத்து இரண்டு, இருபத்து மூன்று வயதில் என் விரல்களில் எந்நேரமும் அந்த வாடைதான். சோறு தின்றாலும் அதுதான் மணக்கும்.

கடை காந்திபுரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், மாடியில் இருந்தது. முன்பக்கம் கேசட் வாடகைக்கு விடுவது. ஒரு பிளைவுட் தடுப்புக்குப் பின்னால் மிக்ஸிங் ரூம். கல்யாணத்தில் எடுத்துக்கொண்டு வருவதை வெட்டி ஒட்டி, பாட்டுச் சேர்த்து, மணப்பெண்ணை ஆப்பிளுக்குள் உட்காரவைத்து, மாப்பிள்ளையை இதயத்துக்குள் நிற்கவைத்து, இருவர் மேலும் கம்ப்யூட்டர் பூவைத் தூவுவது என் உத்தியோகம். பி.காம் முடித்துவிட்டு மில்லில் கணக்கெழுதப் போ என்று அப்பா சொன்னார். நான் கலைஞன் ஆகப்போகிறேன் என்று அவரிடம் சண்டை போட்டுக்கொண்டு வந்து, ஊரார் தலையில் பூவைத் தூவிக்கொண்டிருந்தேன். அந்த ரூமில் ஏசி உண்டு. மிஷின் சூடாகக்கூடாதே என்று போட்டது. நான் சூடானால் யாருக்கும் கவலையில்லை.

முதலாளி சென்னியப்பண்ணன். நெற்றி நிறைய திருநீறு, தும்பைப்பூ மாதிரி வெள்ளைச் சட்டை, எறும்புக்குக்கூட 'ங்க' போட்டுப் பேசுகிற வாய். கல்யாணங்களுக்குக் கேமரா பிடிப்பதும் அவர்தான். அவர் மேஜைக்கு அடியில் பழைய பேப்பரில் சுற்றிய சில கேசட்டுகள் இருக்கும். நீங்கள் நினைப்பதும் இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அதைவிட அதிகம் ஓடியது இன்னொன்று. அதற்கு எங்கள் கடையில் 'சாவுக் கேசட்டு' என்று பெயர். வெளிநாட்டில் எங்கிருந்தோ வந்து, பம்பாயில் யாரோ காப்பி எடுத்து, அவ்வப்போது நம் நாட்டுச் சாவுகளையும் புதிதாக ஒட்டிச் சேர்த்து, அதிலிருந்து இன்னொரு காப்பி எடுத்து, நாலைந்து கை மாறி எங்களிடம் வந்து சேர்ந்தது. மனிதர்கள் உண்மையாகவே சாவதைத் தொகுத்த டாக்குமெண்டரி என்று சொன்னார்கள். மில்லில் ஷிப்ட் முடிந்து வருகிறவர்களும் காலேஜ் பையன்களும், பெருந்துறைப் பக்கமிருந்து பைக்கில் வருகிற தறிக்காரர்களும் அதை வாங்கிப்போவார்கள். வாங்குகிறவர் யாராக இருந்தாலும் ஒரு சந்தேகத்தைக் கேட்காமல் போகமாட்டார். சென்னியப்பண்ணன் முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல், "அத்தனையும் நெசமுங்க" என்பார்.

நான் அதை முதல்முதலாகப் பார்த்தது ஒரு மத்தியான நேரம். சாப்பாட்டு டப்பாவை மடியில் திறந்து வைத்துக்கொண்டு, படம் சுத்தமாக வருகிறதா என்று பார்க்கத்தான் போட்டேன். பாராசூட் விரியாமல் ஒருவன் வந்து விழுந்தான். ஒருவனை நாற்காலியில் கட்டிவைத்து கரண்ட் கொடுத்தார்கள். பின்னணியில் ஓர் ஆள் தொண்டையைச் செருமிக்கொண்டு இங்கிலீஷில், ஏதோ சமையல் குறிப்புச் சொல்கிற மாதிரி நிதானமாகப் பேசிக்கொண்டே இருந்தான். எனக்கு அந்தக் குரல்தான் தாங்கவில்லை. தயிர் சோற்றை அப்படியே மூடி வைத்துவிட்டுக் கீழே போய் சந்து முனையில் நின்றேன். பஸ்கள் போய்க்கொண்டிருந்தன. ஜனங்கள் முட்டி மோதி ஏறிக்கொண்டிருந்தார்கள். இத்தனை பேரும் சாகப்போகிறவர்கள் என்று தோன்றிவிட்டது. ஒரு வாரத்துக்கு என்னால் யார் முகத்தையும் நேராகப் பார்க்க முடியவில்லை, அம்மா முகம் உட்பட.

அப்புறம் பழகிவிட்டது என்று சொன்னால் அது பாதி உண்மை. மீதிப் பாதியைச் சொல்கிறேன். என் தொழில் புத்தி விழித்துக்கொண்டது. கல்யாண கேசட்டுகளில் ஊறியவனுக்கு ஒன்று நிச்சயமாகத் தெரியும். நிஜமான காரியம் நடக்கும்போது கேமரா எப்போதும் தப்பான இடத்தில்தான் இருக்கும். தாலி ஏறுகிற நேரத்துக்குச் சரியாக யாராவது ஒரு மாமாவின் முதுகு குறுக்கே வந்து நிற்கும். அல்லது கேமரா கூரையைக் காட்டிக்கொண்டிருக்கும். எல்லாம் தெளிவாக, நடுவில், முகம் நிறைய விழுந்திருக்கிறது என்றால் அது இரண்டாம் தடவை எடுத்தது. அந்தக் கண்ணோடு சாவுக் கேசட்டைத் திரும்பப் பார்த்தபோது, பாதிச் சாவு சென்னியப்பண்ணன் எடுத்த கல்யாணம் மாதிரிதான் இருந்தது. மீதிப் பாதி என்ன என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் விருப்பமில்லை.

இரண்டாம் தடவை எடுப்பது என்றதும் பூங்கொடியின் கல்யாணம் ஞாபகம் வருகிறது. நான் அந்தக் கல்யாணத்துக்குப் போகவில்லை. மிக்ஸிங் ரூமில் உட்கார்ந்து அதை இருபது முப்பது தடவை பார்த்தேன், அவ்வளவுதான். பல்லடம் பக்கத்துப் பெண், தாராபுரம் பக்கத்து மாப்பிள்ளை. மாப்பிள்ளை பெயர் நாச்சிமுத்து. ஒல்லியாக, கழுத்து நீண்டு, இடது புருவத்தில் ஒரு வெட்டுத் தழும்போடு இருப்பார். விடிகாலை முகூர்த்தம். தாலியை எடுக்கிற சமயத்தில் சென்னியப்பண்ணன் தன்னுடைய பெரிய லைட்டைப் போட்டிருக்கிறார், பந்தல் முழுக்க ஃபியூஸ் போய்விட்டது. கும்மிருட்டு. ஆனால் கேமரா பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது. அதனால் அந்த இடத்தில் படம் இல்லை, சத்தம் மட்டும் இருக்கிறது. மேளம் கொட்டுகிறது, யாரோ லைட்டு லைட்டு என்று கத்துகிறார்கள். அதற்கு நடுவில், மைக்குக்கு மிகப் பக்கத்தில், ஓர் ஆண் குரல் மெதுவாகச் சொல்கிறது. "பயப்படாத அம்மணி, நாந்தான்."

இருட்டிலேயே தாலி கட்டி முடித்துவிட்டார்கள். கரண்ட் வந்ததும் அண்ணன் இன்னொரு தடவை கட்டச் சொல்லிக் கேட்டிருக்கிறார். எங்கள் பக்கத்துக் கல்யாணங்களை நடத்திவைக்கிற அருமைக்காரர் சாதாரண ஆளில்லை, அவர் சொன்னால் சொன்னதுதான். தாலி ஒரு தடவைதான் கட்டுவது, படத்துக்கெல்லாம் கட்டுவதில்லை என்று சொல்லிவிட்டாராம். அண்ணன் சும்மா இருப்பாரா? அருமைக்காரர் பந்திக்குப் போகிறவரை காத்திருந்து, மாப்பிள்ளையையும் பெண்ணையும் மறுபடியும் மணவறையில் நிற்கவைத்து, கட்டவேண்டாம், கட்டுகிற மாதிரி கையைக் கழுத்துக்குப் பின்னால் வைத்துக்கொண்டு அசையாமல் நில்லுங்கள் என்றாராம். நாச்சிமுத்து அசையாமல் நின்றார். துப்பாக்கி முன்னால் நிற்கிறவர் மாதிரி நின்றார். தொண்டைக்குழி மட்டும் விறுக்கென்று மேலே ஏறிக் கீழே இறங்கியது. நான் அந்தப் படத்தின் மேல் இருட்டில் பதிந்த நிஜச் சத்தத்தைப் போட்டு, பூவைத் தூவிக் கொடுத்தேன். மேளத்தோடு ஒட்டியிருந்த அந்தக் குரலைத் தனியாகப் பிரிக்க முடியவில்லை, அதுவும் கூடவே போயிற்று. ஊரே உட்கார்ந்து பார்த்தது. இருட்டில் நடந்த கல்யாணம் எப்படி வெளிச்சத்தில் தெரிகிறது என்று ஓர் ஆத்மாகூடக் கேட்கவில்லை. கேசட்டில் இருந்தால் அது நடந்திருக்கிறது, அவ்வளவுதான் கணக்கு.

இதை ஏன் இவ்வளவு விஸ்தாரமாகச் சொல்கிறேன் என்றால், அடுத்து நடந்தது முழுக்க இந்தக் கணக்கில்தான் நடந்தது.

கல்யாணமாகிக் கொஞ்ச காலத்தில் நாச்சிமுத்து போர்வெல் லாரியோடு வடக்கே போனார். அப்போது எங்கள் ஊர் லாரிகள் போய்த் துளை போடாத ராஜ்யமே கிடையாது. முதலில் கடிதம் வந்தது. பிறகு குறைந்தது. பிறகு அதுவும் இல்லை. லாரிக்காரரிடம் போய்க் கேட்டால், டிரைவரோடு வாய்ச்சண்டை போட்டுக்கொண்டு ஏதோ ஒரு ஊரில் இறங்கிப்போய்விட்டான் என்றாராம். பூங்கொடி மாமியார் வீட்டிலேயே இருந்து காட்டையும் மாட்டையும் பார்த்துக்கொண்டிருந்தார். இதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரியும்.

நாச்சிமுத்துவின் தம்பி ஒரு தடவை மோட்டார் சாமான் வாங்கக் கோயம்புத்தூர் வந்தவர், அண்ணன் கல்யாணம் எடுத்த கடையாயிற்றே என்று எங்களிடம் டெக்கும் கேசட்டுகளும் வாடகைக்கு எடுத்துப்போனார். பேப்பரில் சுற்றியதும் ஒன்று. ஞாயிற்றுக்கிழமை கறிச்சோறு தின்றுவிட்டு ஆண்கள் மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்து பார்த்திருக்கிறார்கள். இரண்டு நாள் கழித்து அவர் டெக்கைத் திருப்பிக் கொடுக்க வந்தார். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. ஸ்டூலில் உட்கார்ந்தவர் எதுவும் சொல்லாமல் அந்தக் கேசட்டை எடுத்து மேஜை மேல் வைத்தார்.

"ஏனுங்க, இதுல வாரதெல்லாம் நெசந்தானுங்களா?"

சென்னியப்பண்ணன் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. பழக்க தோஷம். "அத்தனையும் நெசமுங்க" என்றார்.

அந்த ஆள் அப்படியே இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டு, "எங்கண்ணனுங்க அது" என்று அழ ஆரம்பித்தார். பிளைவுட்டுக்கு இந்தப்பக்கம் இருந்த நான் எட்டிப் பார்த்தேன். சென்னியப்பண்ணன் அடுத்து என்ன சொல்வது என்று தேடுவதற்குள் தம்பி எழுந்து போய்விட்டார். அடுத்த நாலைந்து நாளில் ஊரிலிருந்து செய்தி வந்தது. கருமாதிக்கு நாள் குறித்துவிட்டார்களாம். பிறந்த வீட்டிலிருந்து கோடிச் சீலைக்குச் சொல்லியாயிற்றாம். ஒரு மனிதன் கேசட்டில் செத்தான், ஊர் அவனுக்குக் கருமாதி வைக்கிறது. இதைக் கேட்டு நான் சிரித்திருக்கவேண்டும். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நான் உடனே அந்த இடத்தைப் போட்டுப் பார்த்தேன். பம்பாயில் புதிதாக ஒட்டின துண்டு அது, வடக்கே ஏதோ ஒரு கல்குவாரி. தூரத்திலிருந்து காட்டுகிறார்கள், வெடி வெடிக்கிறது, புழுதி. அடுத்த காட்சியில் ஓர் ஆள் மல்லாந்து கிடக்கிறார், மார்பிலும் நெற்றியிலும் ரத்தம், கண் திறந்தபடி. கேமரா முகத்துக்குப் பக்கத்தில் போய் நிற்கிறது, கொஞ்ச நேரம் நகரவே இல்லை. இடது புருவத்தில் வெட்டுத் தழும்பு. நான் பூத் தூவிய அதே முகம். இதற்கு முன்னால் எத்தனையோ தடவை அந்தக் காட்சியை ஓட்டியிருக்கிறேன், ஒரு தடவைகூட அந்த முகத்தைப் பார்க்கவில்லை. ரத்தத்தைப் பார்த்தேன், முகத்தைப் பார்க்கவில்லை.

சென்னியப்பண்ணனிடம் போய், இது பொய்யாட்டம் இருக்குதுங்க என்றேன். பொய்யாட்டமா, பொய்யா என்று கேட்டார். வெடியும் உடம்பும் ஒரே காட்சியில் இல்லை, முகம் ரொம்பச் சரியாக நடுவில் விழுந்திருக்கிறது என்றேன். அதைப் போய் ஊரில் சொன்னால் நம்புவார்களா என்றார். அவருக்கும் பயம். இத்தனை வருஷம் நெசம் நெசம் என்று சொல்லிக் கொடுத்துவிட்டு, இப்போது ஓர் ஆள் செத்த பிறகு, இல்லீங்க பொய்யுங்க என்று எந்த முகத்தோடு சொல்வது?

அந்தச் சங்கடத்தில் நாங்கள் இருவரும் குழம்பிக்கொண்டிருந்தபோது பூங்கொடி வந்துவிட்டார். கருமாதிக்கு முந்திய நாள். கூடவே மாமியார். பூங்கொடி கையில் ஒரு மஞ்சப்பை. நான் அவரை அதற்கு முன் நேரில் பார்த்ததில்லை. ஆனால் அந்த முகத்தை, கூச்சப்பட்டால் எந்தப் பக்கம் திரும்பும் என்பதுவரை எனக்குத் தெரியும். எழுந்து நின்று கும்பிட்டுவிட்டேன். அவர் ஏதோ கடன்காரனைப் பார்ப்பது மாதிரி பார்த்தார்.

பொம்பளைகள் பார்க்கிற படமில்லை என்று வீட்டில் யாரும் அவருக்குக் காட்டவில்லையாம். மாமியாருக்கும் காட்டவில்லை. ஆண்கள் பார்த்தார்கள், ஆண்களே முடிவும் செய்துவிட்டார்கள். அண்ணன், வேண்டாம் அம்மணி, பார்த்தால் மனசு தாங்காது என்று எவ்வளவோ சொன்னார். பூங்கொடி குரலை உயர்த்தவே இல்லை.

"நாளைக்கு வெள்ளச் சீலை கட்டோணும்ங்கறாங்க. கட்டறது நானுங்க. நாம் பாக்காமக் கட்டமாட்டேன்."

மிக்ஸிங் ரூமில் இரண்டு டி.வி. உண்டு. ஒன்றில் போட்டேன். அந்த இங்கிலீஷ்காரன் குரல் வராமல் சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டேன். வெடி, புழுதி, முகம். மாமியார் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "எஞ்சாமீ" என்று சேலைத் தலைப்பால் வாயை அடைத்துக்கொண்டு சுவரோரம் சரிந்து உட்கார்ந்துவிட்டார். பூங்கொடி அழவில்லை. நாற்காலியை டி.வி.க்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். இன்னொரு தடவை போடச் சொன்னார். போட்டேன். இன்னொரு தடவை. எனக்கு அந்தப் பெண்ணைப் பார்த்துத்தான் பயமாக இருந்தது. பிறகு மஞ்சப்பையிலிருந்து கல்யாணக் கேசட்டை எடுத்து நீட்டினார். எதுக்குங்க என்று கேட்டேன். போடுங்க என்றார்.

இரண்டாவது டி.வி.யில் கல்யாணம் ஓடியது. தாலி கட்டுகிற இடம் வந்ததும் பூ விழுந்தது, மேளம் கொட்டியது, நடுவில் அந்தக் குரல் கேட்டது. பயப்படாத அம்மணி, நாந்தான். பூங்கொடி என் பக்கம் திரும்பாமலே, "சத்தத்தைக் கொறச்சுருங்க" என்றார். குறைத்தேன். பிறகு திரையில் விரலை வைத்துக் காட்டினார்.

"தொண்டையப் பாருங்க. அசையாம நில்லுன்னா அவருக்கு இது அசையும். ஊட்டுல போட்டோப் புடிக்கறப்ப எல்லாம் இதச் சொல்லித்தான் சிரிப்போம். இப்ப அதப் பாருங்க."

எங்கள் டெக்கில் ஒரு வட்டத் திருகு உண்டு. அதைத் திருப்பினால் படம் துளித்துளியாக நகரும். கல்குவாரி கேசட்டை அதில் போட்டு, முகம் வருகிற இடத்திலிருந்து நகர்த்தினேன். கண் திறந்திருக்கிறது. ரத்தம் வழிந்திருக்கிறது. நகர்த்தினேன். செத்துக் கிடக்கிறவரின் தொண்டைக்குழி, மெல்ல, மேலே ஏறியது. இறங்கியது.

பாருங்கள், அத்தனை சாவைப் பார்த்தவன் நான், ஓர் ஆள் உயிரோடு இருப்பதைப் பார்த்துத்தான் அன்றைக்கு அப்படி அதிர்ந்தேன். கை நிற்கவில்லை, இன்னும் திருப்பினேன். அந்தக் காட்சி முடிகிற இடத்தில், வெட்டு விழுவதற்குச் சற்று முன்னால், சாதாரண வேகத்தில் ஓட்டினால் கண்ணுக்கே படாத ஒரு துளி இருந்தது. வெட்டினவன் கொஞ்சம் சோம்பேறி போலிருக்கிறது. அந்தத் துளியில் பிணத்தின் கண் பக்கவாட்டில் திரும்பி, கேமராவுக்கு வெளியே யாரையோ பார்க்கிறது. வாயோரம் சிரிக்க ஆரம்பிக்கிறது. அங்கேயே நிறுத்தினேன்.

"எந்திரிக்கறான்! எம்மவன் எந்திரிக்கறான்!" என்று மாமியார் தவழ்ந்து வந்து டி.வி.யைக் கட்டிக்கொண்டார். திரையை முத்தமிட்டார். என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நீ நல்லா இருக்கோணும் கண்ணு என்று என்னையும், என் பிள்ளைகளையும், இன்னும் பிறக்காத பேரன் பேத்திகளையும் சேர்த்து வாழ்த்தினார். சென்னியப்பண்ணன் சுவரில் மாட்டியிருந்த முருகன் படத்தைப் பார்த்துக் கும்பிட்டார். கண்ணீர் திருநீற்றைக் கரைத்துக்கொண்டு ஓடியது. ஏதோ ஐந்தாறு ரூபாய்க்குச் செத்த மாதிரி படுத்திருக்கிறான் பாவம், எங்கேயோ இருக்கிறான், வந்துவிடுவான் என்று சொல்லிக்கொண்டே போனார். நான் டீ வாங்கிவர எழுந்தேன். எனக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. ஒரு பெண்ணுடைய தாலியைக் காப்பாற்றிக் கொடுத்த பெருமையில் இருந்தேன். அப்போது என்னைவிடப் பெரிய மடையன் கோயம்புத்தூரிலேயே இல்லை.

டீயோடு திரும்பி வந்தபோது பூங்கொடி அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார். நிறுத்திவைத்த படம் வெடவெடவென்று ஆடிக்கொண்டிருந்தது. அந்தச் சிரிப்பும் சேர்ந்து ஆடியது.

"மொகத்துல சதை போட்டிருக்காரு" என்றார்.

எங்கள் யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. நான் திரையைப் பார்த்தேன். உண்மைதான். பக்கத்து டி.வி.யில் கன்னம் ஒட்டிய மாப்பிள்ளை நின்றுகொண்டிருந்தார். இந்த முகம் வேளைக்குச் சாப்பிட்டு, எண்ணெய் தேய்த்துக் குளித்து, தூங்கி எழுந்த முகம். சட்டை பளிச்சென்று இருந்தது, ரத்தம் ஊற்றின இடம் தவிர.

"யாரப் பாத்துச் சிரிக்கறாருன்னு தெரியுமுங்களா?" என்று என்னிடம் கேட்டார். தெரியாதுங்க, படம் அதோடு முடிகிறது என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார்.

பிறகு இரண்டு கையையும் கழுத்துக்குப் பின்னால் கொண்டுபோனார். கொண்டை அவிழ்ந்துவிட்டது போல, முடியப்போகிறார் என்றுதான் நினைத்தேன். தாலிக் கொடியைத் தலை வழியாகக் கழற்றி, உள்ளங்கையில் சுருட்டி, மாமியார் மடியில் வைத்தார். சென்னியப்பண்ணன் டீ கிளாஸைக் கீழே போட்டுவிட்டார்.

மாமியார் அலறினார். அடிப்பாவி, உயிரோடு இருக்கிறவனுக்கு இதைச் செய்கிறாயே, நல்ல சேதி கேட்ட வாயோடு, சாமி கண்ணைக் குத்தும் என்று மாரில் அடித்துக்கொண்டார். பூங்கொடி அவர் கையைப் பிடித்து அடிக்கவிடாமல் நிறுத்தினார். கோபமே இல்லை. அந்த அம்மாவின் தலைமுடியை ஒதுக்கிவிட்டார்.

"செத்திருந்தாருன்னா நானாக் கழட்டியிருக்க மாட்டனுங்கத்தே. நீங்க எல்லாருஞ் சேந்து என்ற கையப் புடிச்சுத்தான் இழுத்திருக்கோணும். உசுரோட இருக்காரு. அதான் நானே கழட்டிப்போட்டேன். வந்தாருன்னாக் குடுங்க."

செத்தவர்களை வரிசையாகப் பார்த்துப் பார்த்து எனக்கு மரத்துப்போயிற்று என்று நினைத்திருந்தேனே, எல்லாம் வெறும் பேச்சு. ஒருத்தர் பிழைத்திருப்பதைக் கண்டுபிடித்துச் சொன்னோம், அதில் ஒரு பெண்ணுக்கு என்ன போயிற்று என்பது என் கண் முன்னால் நடந்தது. நிஜமாக நடந்தது. எந்தக் கேமராவும் சரியான இடத்தில் இல்லை.

இருவரும் படியிறங்கிப் போனார்கள். மாமியாரைப் பூங்கொடிதான் தாங்கிப் பிடித்துக்கொண்டு போனார். கல்யாணக் கேசட் டெக்கிலேயே இருந்தது. நான் பின்னால் ஓடி, கேசட்டை மறந்துட்டீங்க என்றேன். நீங்களே வெச்சுக்குங்க என்று சொல்லிவிட்டு பஸ் ஸ்டாண்ட் பக்கம் திரும்பினார்.

கருமாதி நின்றுவிட்டது. நாச்சிமுத்து வந்ததாக நான் கேள்விப்படவில்லை. பூங்கொடி பெருந்துறைப் பக்கம் ஒரு கம்பெனிக்கு வேலைக்குப் போகிறார் என்று யாரோ சொன்னார்கள். பல வருஷம் கழித்து ஒரு சாயங்காலம் பெருந்துறை பஸ் நிறுத்தத்தில் பார்த்தேன். பச்சைச் சேலை, கையில் டிபன் கூடை, கழுத்தில் ஒரு மெல்லிய செயின். என்னை அடையாளம் தெரிந்துகொண்டு சிரித்தார். நல்லா இருக்கறீங்களா என்று கேட்டார். நல்லா இருக்கறனுங்க என்றேன். நான் கேட்க நினைத்ததைக் கேட்கவில்லை. அவர் பஸ் வந்துவிட்டது.

சென்னியப்பண்ணன் அந்த வாரமே சாவுக் கேசட்டின் மேல் ஏதோ ஒரு காதணி விழாவைப் பதிந்துவிட்டார். கொஞ்ச நாளில் சி.டி. வந்தது, வாடகைக் கடை போயிற்று, பிறகு மிக்ஸிங் ரூம் போயிற்று, அண்ணனும் போய்விட்டார். அந்த மாடியில் இப்போது செல்போன் கவர் விற்கிறார்கள். "அத்தனையும் நெசமுங்க" என்று அவர் பூங்கொடி வந்துபோன பிறகு யாரிடமும் சொல்லி நான் கேட்டதில்லை. நெசமா என்று கேட்டால், பாத்துட்டு நீங்களே சொல்லுங்க என்பார்.

ரத்தப் பரிசோதனை முடிந்து வீட்டுக்கு வந்ததும் பீரோ மேல் தேடி அந்தக் கல்யாணக் கேசட்டை எடுத்தேன். நாடாவில் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை. பழைய கேசட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றித் தருகிற ஒருவர் ஒப்பணக்கார வீதிப் பக்கம் இருக்கிறார். அவரிடம் கொடுத்தேன். இரண்டு வாரம் கழித்துக் கூப்பிட்டார். படம் ஓரளவு தேறிவிட்டது சார், சத்தம்தான் மொத்தமாகப் போய்விட்டது என்றார்.

போட்டுக் காட்டினார். மணவறையில் நாச்சிமுத்து நிற்கிறார், கட்டாமல், கட்டுகிற மாதிரி கையை வைத்துக்கொண்டு. நான் தூவிய பூ விழுகிறது. தொண்டைக்குழி ஏறி இறங்குகிறது. அத்தனையும் பளிச்சென்று இருக்கிறது. மேளம் இல்லை. லைட்டு லைட்டு என்ற கூச்சல் இல்லை. அந்தக் கேசட்டில் நிஜமாக நடந்தது என்று இருந்தது இருட்டுக்குள் அவர் சொன்ன அந்த ஒரு வார்த்தைதான். அந்த இடத்தில் இப்போது வெறும் இரைச்சல் கேட்கிறது.